சிமிலி முதல் சினெக்டகி வரை: ஆங்கில வகுப்பு அணிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பத்தாம் வகுப்பிலிருந்து பி.ஏ. முதலாண்டு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு மாலையில் ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். கவிதைப் பாடம் வந்தாலே வருடா வருடம் அதே சந்தேகங்கள்தான், கேட்கிற ஆள் மட்டும் மாறும். ஒரு கட்டத்தில் பதில்களை ஒரு நோட்டில் எழுதி வைக்க ஆரம்பித்தேன். அந்த நோட்டுதான் இது. கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன். வாய்விட்டுப் படிக்க வசதியாக ஆங்கிலச் சொற்களையும் வரிகளையும் தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன். ஸ்பெல்லிங்குக்குப் பாடப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மிஸ், ஃபிகர் ஆஃப் ஸ்பீச்னா என்ன? சுருக்கமா சொல்லுங்க.

தமிழ் வகுப்பில் 'அணி' என்று படித்தீர்களே, அதுதான். சொல்ல வந்ததை நேராகச் சொல்லாமல், மனதில் பதிகிற மாதிரி வேறு வழியில் சொல்வது. "பசிக்கிறது" என்றால் அது செய்தி. "பசி வயிற்றைக் கிள்ளுகிறது" என்றால் அது அணி. கிள்ளுவதற்குப் பசிக்கு விரல் ஏது? அதை யோசிக்காமலே நமக்குப் புரிகிறது. வீட்டில் பாட்டி ஒரு நாளைக்குப் பேசுவதில் பத்து அணியாவது இருக்கும். அதற்குக் கிரேக்கப் பெயர் இருப்பது அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

அண்ணன் புத்தகத்துல 'பொயடிக் டிவைஸ்'னு இருக்கு, எங்க புத்தகத்துல 'ஃபிகர் ஆஃப் ஸ்பீச்'னு இருக்கு. ரெண்டும் ஒண்ணா?

பரீட்சைக்கு ஏறக்குறைய ஒன்றுதான். ஸ்டேட் போர்டு கேள்வித்தாளில் 'ஃபிகர் ஆஃப் ஸ்பீச்' என்று கேட்பார்கள். சி.பி.எஸ்.இ. பக்கம் 'பொயடிக் டிவைஸ்', 'லிட்டரரி டிவைஸ்' என்பார்கள். 'லிட்டரரி டெர்ம்' என்பதுதான் பெரிய குடை. கதைக்கரு, களம், கதை சொல்பவர் என்று இலக்கியத்தைப் பற்றிப் பேச உதவும் எல்லாச் சொல்லும் அதற்குள் வரும். 'ரெட்டாரிக்கல் டிவைஸ்' என்றால் கேட்பவரைச் சம்மதிக்க வைக்கிற கோணத்தில் பார்ப்பது. ஒரே அணியை ஒருவர் கவிதை உத்தி என்பார், இன்னொருவர் பேச்சு உத்தி என்பார்.

ஒரு பிரிவு மட்டும் தெரிந்துகொள்ளுங்கள், பின்னால் உதவும். ஆங்கில அணிகளைப் பழைய ஆசிரியர்கள் இரண்டு கூறாக்கினார்கள். பொருளைத் திருப்புவது ட்ரோப், சொல்லை அடுக்குவது ஸ்கீம். நம் தண்டியலங்காரத்தில் பொருளணியியல், சொல்லணியியல் என்று இரண்டு இயல்கள் இருக்கின்றன. கிட்டத்தட்ட அதே பிரிவு.

இதை 'ஸ்மைல்'னு படிக்கணுமா, 'சிமைல்'னு படிக்கணுமா?

இரண்டும் இல்லை. சிமிலி. அதேபோல் 'ஹைப்பர்போல்' இல்லை, ஹைப்பர்பலி, 'பர்' மீது அழுத்தம். 'சினெக்டோச்' இல்லை, சினெக்டகி. 'அனஃபோரா' என்று நீட்டாமல் அனாஃபரா. ஆங்கில ஸ்பெல்லிங்கைப் பார்த்து உச்சரிப்பை ஊகிப்பதில் ஆங்கிலேயருக்கே தடுமாற்றம் உண்டு, அதனால் வெட்கப்பட ஒன்றுமில்லை. பெரும்பாலான பெயர்கள் கிரேக்கத்திலிருந்து வந்தவை, அதனால்தான் இந்தக் கடைசி 'ஈ' ஓசை. இங்கே சொன்னவற்றில் சிமிலி மட்டும் லத்தீன்.

வகுப்பில் ஒருமுறை சத்தமாகத் தவறாகப் படித்துவிட்டு, அப்புறம் அந்தச் சொல்லையே வாயில் எடுக்காத பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அதற்காகத்தான் இந்தக் கேள்வியை இவ்வளவு முன்னால் வைத்தேன்.

சிமிலிக்கும் மெட்டஃபருக்கும் என்ன வித்தியாசம்? ஒவ்வொரு தடவையும் மாத்தி எழுதிடறேன்.

சிமிலி உவமை, மெட்டஃபர் உருவகம். "முகம் நிலவு போல" என்றால் சிமிலி. "முகம் என்னும் நிலவு" என்றால் மெட்டஃபர். முதலாவதில் இரண்டு பொருள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. இரண்டாவதில் ஒன்று மற்றொன்றாகவே ஆகிவிடுகிறது. மெட்டஃபர் என்ற கிரேக்கச் சொல்லுக்கே 'தூக்கிக்கொண்டு போய் வைத்தல்' என்றுதான் பொருள். ஒரு பொருளின் பெயரைத் தூக்கிக்கொண்டு போய் இன்னொன்றின் மேல் வைக்கிறோம்.

ராபர்ட் பர்ன்ஸ் "மை லவ் இஸ் லைக் எ ரெட், ரெட் ரோஸ்" என்று பாடினார். காதலி ரோஜா போல இருக்கிறாள். 'லைக்' இருப்பதால் சிமிலி. ஷேக்ஸ்பியர் "ஆல் தி வேர்ல்ட்'ஸ் எ ஸ்டேஜ்" என்றார். உலகம் மேடை போல இருக்கிறது என்று சொல்லவில்லை, மேடையேதான் என்கிறார். அது மெட்டஃபர்.

தமிழில் தேர்ந்த பிள்ளைகள் இங்கே ஒரு குழியில் விழுவார்கள். 'மதிமுகம்' உவமைத்தொகை, 'முகமதி' உருவகம் என்று நமக்குச் சொல் வரிசையே காட்டிக்கொடுக்கும். 'மதிமுகம்' என்பதில் 'போல' மறைந்திருந்தாலும் அது உவமைதான். ஆங்கிலத்தில் இந்த மறைந்த 'போல' கணக்கு கிடையாது. ஒப்புமையை வெளிப்படையாகக் காட்டும் சொல் இல்லையென்றால் அதை மெட்டஃபர் பக்கம் போட்டுவிடுவார்கள்.

அப்போ 'லைக்', 'ஆஸ்' இருந்தா கண்ணை மூடிக்கிட்டு சிமிலின்னு எழுதிடலாமா?

கண்ணைத் திறந்து எழுதுங்கள். "ஐ லைக் மேங்கோஸ்" என்பதில் 'லைக்' வினைச்சொல். அதைச் சிமிலி என்று எழுதிய விடைத்தாள்களை நான் திருத்தியிருக்கிறேன். "ஷி லுக்ஸ் லைக் ஹெர் மதர்" என்பதில் ஒப்பீடு இருக்கிறது, ஆனால் அணி இல்லை. மகள் அம்மா ஜாடையில் இருப்பது வெறும் தகவல். "ஹி இஸ் ஆஸ் டால் ஆஸ் ஹிஸ் ஃபாதர்" என்பதும் அப்படியே, அளந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

ஒப்பிடும் இரண்டும் வேறு வேறு இனமாக இருக்க வேண்டும். இந்தியக் கவிஞர் தோரு தத் தம் 'அவர் கேஷுவரினா ட்ரீ' கவிதையைத் தொடங்கும்போது, சவுக்கு மரத்தைச் சுற்றிய கொடியை "லைக் எ ஹ்யூஜ் பைத்தான்" என்கிறார். கொடி தாவரம், மலைப்பாம்பு விலங்கு. இனம் வேறு, ஆனால் சுற்றி இறுக்குகிற செயல் ஒன்று. அந்த இடைவெளியில்தான் அணி பிறக்கிறது.

'லெக் ஆஃப் தி டேபிள்' மெட்டஃபரா? மேசைக்குக் கால் கிடையாதே!

ஒரு காலத்தில் மெட்டஃபர். இப்போது பழகிப் பழகி வெறும் பெயராகிவிட்டது. இதை டெட் மெட்டஃபர், அதாவது செத்த உருவகம் என்பார்கள். நாமும் 'மேசைக் கால்' என்கிறோம். எனக்கு இதில் பிடித்தது ஊசி. நாம் நூல் கோக்கும் துளையை ஊசியின் 'காது' என்கிறோம், ஆங்கிலத்தில் அது ஊசியின் 'கண்'. அதே துளைதான். நமக்குக் காது குத்திய நினைவு வந்திருக்கிறது போல.

பரீட்சையில் செத்த உருவகத்தைக் கேட்க மாட்டார்கள். கட்டுரையில் உங்கள் சொந்த உருவகத்தை எழுதும்போதுதான் இது உதவும்.

அலிட்டரேஷன்னா மோனைதானே? ஒரே எழுத்துல தொடங்கினா போதுமா?

மோனைக்குச் சொந்தம், ஆனால் மோனையே இல்லை. மோனையில் முதலெழுத்தின் உயிரும் ஒத்துப்போக வேண்டும். 'க'வுக்கு 'கா', 'கை', 'கௌ' சேரும், 'கி' சேராது. அதே சமயம் 'ச'வுக்குத் 'த'வும், 'ம'வுக்கு 'வ'வும் இனமோனை என்று சேர்த்துக்கொள்வோம். ஆங்கில அலிட்டரேஷனுக்கு உயிரெழுத்தைப் பற்றிக் கவலையில்லை, முதல் மெய்யோசை ஒன்றாக இருந்தால் போதும். 'பிக்', 'பேட்', 'பாய்' மூன்றும் சேரும். இன எழுத்துச் சலுகையெல்லாம் அங்கே கிடையாது.

முக்கியமானது: எழுத்து இல்லை, ஓசை. 'நைட்', 'நைஃப்' இரண்டும் அலிட்டரேஷன்தான். கத்தியின் ஸ்பெல்லிங்கில் முன்னால் நிற்கும் 'கே' வாய் திறப்பதில்லை. 'கேட்' (பூனை), 'சிட்டி' இரண்டுக்கும் முதலெழுத்து 'சி'தான், ஆனால் அலிட்டரேஷன் இல்லை. 'ஃபோன்', 'ஃபேன்' ஸ்பெல்லிங்கில் வேறு, ஓசையில் ஒன்று. சந்தேகம் வந்தால் அந்தச் சொற்களைத் தமிழில் எழுதிப் பாருங்கள். தமிழ் எழுத்து பெரும்பாலும் ஓசையைத்தான் எழுதும், உடனே தெரிந்துவிடும். இந்தக் குறுக்கு வழி ஆங்கிலேயப் பிள்ளைகளுக்குக் கிடையாது!

நல்ல உதாரணம் கோல்ரிட்ஜின் கிழட்டு மாலுமிப் பாட்டில் இருக்கிறது, 1798இல் வந்தது. "தி ஃபேர் ப்ரீஸ் ப்ளூ, தி ஒயிட் ஃபோம் ஃப்ளூ, தி ஃபரோ ஃபாலோட் ஃப்ரீ." சத்தமாகப் படித்தால் 'ஃப, ஃப' என்று காற்று வீசும். கப்பலைத் தள்ளும் காற்று உங்கள் உதட்டிலேயே இருக்கிறது. விடையில் சொற்களை மட்டும் எழுதாமல் இதையும் ஒரு வரி எழுதுங்கள்.

ரைம் ஸ்கீம் கண்டுபிடிக்கிறது எப்படி? ரைம்னா எதுகைன்னு எழுதி வச்சிருக்கேன்.

எதுகையை அடித்துவிட்டு இயைபு என்று எழுதுங்கள். எதுகையில் சீரின் இரண்டாம் எழுத்து ஒன்ற வேண்டும். 'அகர' என்று தொடங்கும் முதல் குறளில் அடுத்த அடி 'பகவன்' என்று வருகிறதே, அது எதுகை. ஆங்கில ரைம் பெரும்பாலும் வரியின் கடைசியில் வரும், அது நம் இயைபுக்குத்தான் பக்கம்.

முதல் வரியின் கடைசிச் சொல்லுக்கு 'ஏ' போடுங்கள். அடுத்த வரி அதே ஓசையில் முடிந்தால் அதற்கும் 'ஏ', இல்லையென்றால் 'பி'. "ட்விங்கிள் ட்விங்கிள் லிட்டில் ஸ்டார்" முடிவது 'ஸ்டார்', அடுத்த வரி 'ஆர்'. அப்புறம் 'ஹை', 'ஸ்கை'. ஆக, ஏ ஏ பி பி. இங்கேயும் ஸ்பெல்லிங் ஏமாற்றும், அலிட்டரேஷன் கேள்வியில் சொன்ன அதே காரணம்தான். 'லவ்', 'மூவ்' பார்க்க ஒன்று போல முடிந்தாலும் காதுக்கு ஒட்டாது. அதற்கு ஐ ரைம், கண்ணுக்கு மட்டுமான இயைபு என்று பெயர்.

அபாஸ்ட்ரஃபின்னா மேலே போடுற கமா தானே? அது எப்படி ஃபிகர் ஆஃப் ஸ்பீச் ஆச்சு?

பெயர் ஒன்று, ஆள் இரண்டு. கிரேக்கத்தில் அதற்கு 'வேறு பக்கம் திரும்புதல்' என்று பொருள். பேசிக்கொண்டிருப்பவர் சட்டென்று திரும்பி, அங்கே இல்லாதவரையோ, காது கேட்காத பொருளையோ அழைத்துப் பேசுவது அபாஸ்ட்ரஃபி. நிலா நிலா ஓடி வா என்று நாம் குழந்தைக்குச் சோறு ஊட்டியதும் அதுதான்.

மேலே சொன்ன ட்விங்கிள் பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜேன் டெய்லர் எழுதி 1806இல் வந்தது. நட்சத்திரத்தைப் பார்த்து 'நீ' என்று பேசுகிறாள் குழந்தை: அபாஸ்ட்ரஃபி. "லைக் எ டைமண்ட் இன் தி ஸ்கை": சிமிலி. இதோடு ரைமும் இருக்கிறது. யூ.கே.ஜி.யிலேயே படித்து முடித்துவிட்டீர்கள், பெயர் மட்டும் பத்து வருடம் கழித்து வந்திருக்கிறது.

பெர்சானிஃபிகேஷனுக்குத் தற்குறிப்பேற்ற அணின்னு தமிழ்ல எழுதலாமா?

இரண்டும் பக்கத்து வீடு, ஒரே வீடு இல்லை. பெர்சானிஃபிகேஷன் என்றால் உயிரில்லாததற்கோ மனிதர் அல்லாததற்கோ மனிதச் செயலையும் உணர்ச்சியையும் கொடுப்பது. வேர்ட்ஸ்வொர்த்தின் டாஃபடில் பூக்கள் தலையை ஆட்டி நடனமாடுகின்றன. அவ்வளவு போதும்.

தற்குறிப்பேற்றத்தில் இன்னொரு படி உண்டு. இயல்பாக நடக்கும் ஒன்றுக்குக் கவிஞர் தம் மனதிலுள்ள காரணத்தை ஏற்றிச் சொல்ல வேண்டும். சிலப்பதிகாரத்தில் மதுரைக் கோட்டைக் கொடிகள் காற்றில் ஆடுகின்றன. கோவலனையும் கண்ணகியையும் பார்த்து 'வராதீர்கள்' என்று கை காட்டுவது போல ஆடின என்கிறார் இளங்கோ. கொடிக்குக் கை கொடுத்தது பெர்சானிஃபிகேஷன். வரப்போகும் துயரத்தை அந்த அசைவுக்குக் காரணமாக ஏற்றியதுதான் தற்குறிப்பேற்றம். ஆங்கிலத்தில் இதற்குச் சரியான ஒற்றைச் சொல் எனக்குத் தட்டுப்பட்டதில்லை. ஆங்கில விமர்சகர் ரஸ்கின் 1856இல் உருவாக்கிய 'பதெடிக் ஃபேலசி', அதாவது இயற்கையின் மேல் மனித உணர்ச்சியை ஏற்றிப் பார்ப்பது, கொஞ்சம் கிட்டே வரும், ஆனால் அவர் அதைக் குறையாகச் சொன்னார். நமக்கு அது அழகு.

ஆனமாட்டபீயா ஸ்பெல்லிங்கே வரமாட்டேங்குது. அர்த்தம் மட்டும் தெரிஞ்சா போதுமா?

ஒரு மதிப்பெண் கேள்வியில் ஸ்பெல்லிங்கும் வேண்டும், பத்து முறை எழுதிப் பாருங்கள். பொருள் சுலபம். ஓசையையே சொல்லாக்குவது: பஸ் (வண்டின் ரீங்காரம்), ஹிஸ், பேங். நம் 'சலசல', 'படபட' மாதிரி. சேவல் நமக்குக் 'கொக்கரக்கோ', அவர்களுக்குக் 'காக்-அ-டூடுல்-டூ'. சேவல் ஒன்றுதான், கேட்கிற காது வேறு.

"டென் தவுசண்ட் சா ஐ அட் எ கிளான்ஸ்"னு வேர்ட்ஸ்வொர்த் சொல்றாரே, நிஜமாவே எண்ணினாரா?

ஒரு பார்வையில் பத்தாயிரம் பூவை யாராலும் எண்ண முடியாது, அதனால்தான் அது ஹைப்பர்பலி, உயர்வு நவிற்சி. பொய்க்கும் இதற்கும் உள்ள வித்தியாசம், கேட்பவருக்கும் இது மிகை என்று தெரியும். 'உன்னிடம் ஆயிரம் முறை சொல்லிவிட்டேன்' என்று அம்மா சொல்லும்போது யாரும் கணக்கு நோட்டைப் புரட்டுவதில்லை.

இதற்கு நேர் எதிர்ப்பக்கம் லிட்டோட்டீஸ். எதிர்மறையால் குறைத்துச் சொல்வது. "நாட் பேட்" என்றால் நன்றாக இருக்கிறது என்று பொருள். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு வாங்கி வந்தாலும் 'மோசமில்லை' என்று சொல்லும் அப்பாக்கள் எல்லாரும் லிட்டோட்டீஸ் வல்லுநர்கள்.

ஆக்ஸிமோரானும் பாரடாக்ஸும் ஒரே மாதிரி இருக்கே?

அளவைப் பாருங்கள். எதிரும் புதிருமான இரண்டு சொல் ஒட்டி நின்றால் ஆக்ஸிமோரான். ஜூலியட் ரோமியோவிடம் விடைபெறும்போது பிரிவை "ஸ்வீட் சாரோ" என்கிறாள், இனிய துயரம். ஒரு முழுக் கூற்றே முரணாகத் தோன்றி, யோசித்தால் உண்மையாக இருந்தால் பாரடாக்ஸ். "தி சைல்ட் இஸ் ஃபாதர் ஆஃப் தி மேன்" என்கிறார் வேர்ட்ஸ்வொர்த். குழந்தை எப்படித் தகப்பனாகும்? சின்ன வயதுக் குணம்தான் பெரியவனை உருவாக்குகிறது என்று நினைத்தால் முடிச்சு அவிழ்கிறது.

ஆக்ஸிமோரான் என்ற பெயரே ஓர் ஆக்ஸிமோரான். கிரேக்கத்தில் 'ஆக்ஸிஸ்' கூர்மை, 'மோரோஸ்' மழுங்கல். பெயர் வைத்தவர் குறும்புக்காரராக இருந்திருக்க வேண்டும்.

மெட்டானமி, சினெக்டகி ரெண்டும் தலையைச் சுத்துது. கொஞ்சம் மெதுவா சொல்லுங்க.

பன்னிரண்டாம் வகுப்பிலும் கல்லூரியிலும் பிள்ளைகள் மிகவும் பயப்படுவது இதற்குத்தான். ஆனால் இதைத் தமிழ் இலக்கண வகுப்பிலேயே தாண்டி வந்துவிட்டோம், பெயர் ஆகுபெயர். ஒன்றின் பெயர் அதனோடு தொடர்புடைய இன்னொன்றுக்கு ஆகி வருவது. மெட்டானமி என்றால் கிரேக்கத்தில் 'பெயர் மாற்றம்'. சொல்லும் கருத்தும் அப்படியே பொருந்துகிறது.

'கோட்டையில் முடிவு எடுத்துவிட்டார்கள்' என்று செய்தியில் வந்தால் கோட்டைச் சுவர் முடிவெடுக்கவில்லை. சென்னை ஜார்ஜ் கோட்டைக்குள் தலைமைச் செயலகம் இருப்பதால் அரசாங்கத்துக்கே அந்தப் பெயர் ஆயிற்று. அது மெட்டானமி. "தி பென் இஸ் மைட்டியர் தேன் தி ஸ்வார்ட்" என்று புல்வர்-லிட்டன் 1839இல் ஒரு நாடகத்தில் எழுதினார். பேனா எழுத்துக்கும், வாள் படைபலத்துக்கும் ஆகி வந்திருக்கின்றன. பேனா எழுத்தின் உறுப்பு இல்லை, எழுத்தோடு தொடர்புடையது.

உறுப்பும் முழுமையுமாக இருந்தால் சினெக்டகி. 'தலைக்கு நூறு ரூபாய்' என்றால் ஆளுக்கு நூறு. தலை ஆளின் உறுப்பு. நம் இலக்கணத்தில் சினையாகுபெயர். கப்பலில் "ஆல் ஹேண்ட்ஸ் ஆன் டெக்" என்று கத்தினால் கைகள் மட்டும் வந்து நிற்கப் போவதில்லை. முழுமையைச் சொல்லி உறுப்பைக் குறிப்பதும் சினெக்டகிதான். 'மல்லிகை சூடினாள்' என்றால் கொடியோடு பிடுங்கிச் சூடவில்லை, பூவை மட்டும்தான். நாம் அதைப் பொருளாகுபெயர் என்று தனியாகப் பிரித்தோம், அவர்கள் ஒரே பெட்டியில் போட்டார்கள். ஆகுபெயர் வகைகளை ஒருமுறை ஒப்பித்துவிட்டு இந்தக் கேள்விக்கு வாருங்கள், தலை சுற்றாது.

ஐரனின்னா நக்கல்தானே மிஸ்?

நக்கல் அதில் ஒரு பகுதி. சொல்வது ஒன்று, பொருள் எதிர் என்றால் வெர்பல் ஐரனி. வள்ளுவர் "தேவர் அனையர் கயவர்" என்றார். கயவர்களும் தேவர்களைப் போலத்தான், ஏனென்றால் இருவருமே இஷ்டத்துக்கு நடக்கிறார்கள்! புகழ்வது போல வஞ்சப்புகழ்ச்சி. குத்தும் நோக்கம் முன்னால் வந்துவிட்டால் அதைச் சார்க்கசம் என்பார்கள்.

எதிர்பார்ப்புக்கு நேர்மாறாக நடந்தால் சிச்சுவேஷனல் ஐரனி. தீயணைப்பு நிலையமே தீப்பற்றினால் அது. மூன்றாவது டிராமாடிக் ஐரனி, பாத்திரத்துக்குத் தெரியாதது நமக்குத் தெரிந்திருப்பது. பாண்டிய மன்னனிடம் பொற்கொல்லன் 'சிலம்பு திருடியவன் அகப்பட்டுவிட்டான்' என்கிறான். திருடனே அவன்தான் என்று நமக்குத் தெரியும், மன்னனுக்குத் தெரியாது. அந்த இடத்தில் நம் வயிற்றில் ஒரு பிசைவு வருகிறதே, அதைத்தான் கிரேக்க நாடகக்காரர்களும் நம்பியிருந்தார்கள்.

கல்லூரியில ஈதோஸ், பேதோஸ், லோகோஸ்னு நடத்துறாங்க. இது கவிதைக்கு இல்லையே, எதுக்கு?

பேச்சுக்கு. ஒருவரை நம்ப வைக்க மூன்று வழி என்று அரிஸ்டாட்டில் பிரித்தார், கி.மு. நான்காம் நூற்றாண்டில். சொல்பவரின் யோக்கியதை ஈதோஸ். கேட்பவரின் உணர்ச்சி பேதோஸ். நியாயமும் சான்றும் லோகோஸ்.

ஷேக்ஸ்பியரின் ஜூலியஸ் சீசரில் மூன்றாம் அங்கம், இரண்டாம் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். சீசர் கொல்லப்பட்டிருக்கிறான், கொன்றவர்களில் புரூட்டஸும் ஒருவன். புரூட்டஸ் முதலில் பேசுகிறான்: என் மானத்தை நம்பி என்னை நம்புங்கள் என்கிறான். ஈதோஸ். கூட்டம் அவன் பக்கம். அடுத்து சீசரின் நண்பன் ஆண்டனி. சீசர் கைதிகளைக் கொண்டுவந்தான், அந்தப் பணயத் தொகை பொதுக் கருவூலத்தை நிரப்பியது, மூன்று முறை கிரீடம் நீட்டியும் மறுத்தான், இது பேராசையா என்று கேட்கிறான். லோகோஸ், கூடவே ரெட்டாரிக்கல் க்வெஸ்டியன், அதாவது பதிலை எதிர்பார்க்காத கேள்வி. என் இதயம் சீசரோடு பெட்டிக்குள் இருக்கிறது, அது திரும்பும் வரை பொறுங்கள் என்று நிறுத்துகிறான். பேதோஸ். நடுநடுவே "ப்ரூட்டஸ் இஸ் அன் ஆனரபிள் மேன்" என்று திரும்பத் திரும்பச் சொல்லி, மானஸ்தன் என்ற சொல்லையே வசையாக்கிவிடுகிறான். முந்தின கேள்வியில் சொன்ன வெர்பல் ஐரனி இதுதான். காட்சி முடிவதற்குள் அதே கூட்டம் தீவட்டியோடு புரூட்டஸ் வீட்டைத் தேடிப் போகிறது. அணி என்பது கவிதைக்குப் போடும் நகை என்று நினைப்பவர்கள் இந்தக் காட்சியைப் படிக்க வேண்டும்.

தொடர்ந்த வாக்கியங்கள் ஒரே சொற்களில் தொடங்கினால் அனாஃபரா. மார்ட்டின் லூதர் கிங் 1963 ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டனில் "ஐ ஹேவ் எ ட்ரீம்" என்று மீண்டும் மீண்டும் தொடங்கியது தெரிந்த உதாரணம். மூன்றை அடுக்கினால் ட்ரைகோலன். சீசரின் 'வந்தேன், கண்டேன், வென்றேன்', அண்ணாவின் 'கடமை, கண்ணியம், கட்டுப்பாடு'. அண்ணாவினுடையதில் மோனையும் சேர்ந்திருக்கிறது, தமிழ் மேடைக்கு அது இல்லாமல் ஆகாது.

மேடம், வாட்ஸ்அப்புல நூறு டெர்ம்ஸ் பட்டியல் வந்துச்சு. பையனை மனப்பாடம் பண்ணச் சொல்லவா?

வேண்டாம்மா. பத்தாம் வகுப்புக்குச் சிமிலி, மெட்டஃபர், பெர்சானிஃபிகேஷன், அலிட்டரேஷன், ரைம் ஸ்கீம், ஹைப்பர்பலி, ஆனமாட்டபீயா, அபாஸ்ட்ரஃபி, ஆக்ஸிமோரான், ரெப்பிட்டிஷன் போதும். பெயர் படிக்கிற நேரத்தில் பாடத்திலுள்ள பாட்டுகளைச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். 1589இல் இங்கிலாந்தில் வந்த ஒரு கவிதை இலக்கண நூல், புட்டனம் என்பவர் எழுதியதாகச் சொல்வார்கள், இந்தக் கிரேக்கப் பெயர்களுக்கெல்லாம் வீட்டு மொழியில் பெயர் வைத்துப் பார்த்தது. ஐரனிக்கு 'உலர்ந்த கேலி', ஹைப்பர்பலிக்கு 'உரத்த பொய்யன்'. அவர்களுக்கே இந்தப் பெயர்கள் தொண்டையில் சிக்கியிருக்கின்றன. பையனும் தன் நோட்டில் தனக்குப் புரிகிற பட்டப்பெயர் ஒன்றைப் பக்கத்தில் எழுதிக்கொள்ளலாம், தப்பில்லை.

ஒரே வரியில ரெண்டு அணி இருந்தா எதை எழுதறது?

கேள்வியில் எந்தச் சொல்லுக்கு அடிக்கோடு போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். எதுவும் இல்லையென்றால் எது தூக்கலாக இருக்கிறதோ அது. தாமஸ் கிரே 1751இல் வெளியிட்ட இரங்கற்பாவில் உழவன் வீடு திரும்புகிறான்: "ப்ளாட்ஸ் ஹிஸ் வியரி வே". 'வியரி வே' அலிட்டரேஷன். ஆனால் களைத்தது வழியா, உழவனா? உழவனின் களைப்பை வழியின் மேல் ஏற்றியிருப்பதால் அது ட்ரான்ஸ்ஃபர்ட் எபிதெட்டும்கூட. நாம் 'தூக்கமில்லாத இரவு' என்பது போல. பத்தாம் வகுப்புப் பிள்ளை முதலாவதை எழுதலாம், கல்லூரிப் பிள்ளை இரண்டாவதை எழுதாவிட்டால் நான் கோபிப்பேன்.

இரண்டு மதிப்பெண் கேள்வியில் பெயரோடு நிறுத்தாதீர்கள். எதை எதோடு ஒப்பிட்டார், அதனால் என்ன தெரிகிறது என்று இரண்டு வரி. ஷேக்ஸ்பியரின் அதே மேடைப் பாட்டில் பள்ளிப் பையன் "க்ரீப்பிங் லைக் ஸ்னெயில்" என்று வருகிறான். 'சிமிலி' என்பது பாதி விடை. நத்தை மெதுவாகப் போகும், அதோடு தன் கூட்டை முதுகில் சுமந்துகொண்டும் போகும், பையன் பையைச் சுமப்பது போல. இதை எழுதினால் திருத்துகிறவர் நிமிர்ந்து உட்காருவார்.

கைடுல ஒரு அணி போட்டிருக்கு, நீங்க வேற சொல்றீங்க. யாரை நம்பறது?

வரியை நம்புங்கள். கைடு தவறுவதும் உண்டு, நானும் தவறியிருக்கிறேன். ஆண்டனி தன் பேச்சைத் தொடங்கும்போது "லெண்ட் மி யுவர் இயர்ஸ்" என்கிறான், உங்கள் காதுகளைக் கடன் கொடுங்கள். காது உடலின் உறுப்புதானே என்று பல வருடம் சினெக்டகி என்றே நடத்தினேன். ஒரு வருடம் பின் பெஞ்சிலிருந்து ஒரு பெண் கேட்டாள்: "சினெக்டகின்னா காதுன்னு சொல்லி ஆளைக் கேக்கணும்ல மிஸ்? அவன் ஆளைக் கேக்கலையே, கவனத்தைத்தானே கேக்கறான்?"

அன்று வகுப்பு முடிந்ததும் நோட்டில் சினெக்டகியை அடித்துவிட்டு மெட்டானமி என்று எழுதினேன். இரண்டு பக்கமும் வாதாடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், உங்கள் கைடு எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பெண்ணுக்கு அந்த வாரத் தேர்வில் அதே கேள்விக்கு நான் போட்டிருந்த சுழியத்தையும் திருத்திக் கொடுத்தேன்.